யாருடைய கையெழுத்து? ஆய்வுகளைத் திருகோணமலையின் சிறுவர் பாதுகாப்புத் திட்டங்களுக்குள் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

பிரதேச செயலகத்துக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்தவர்கள், தொண்டு நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்த பட்டதாரிகள், கிராம சிறுவர் அபிவிருத்திக் குழுவில் "நீங்களும் இருங்கோ" என்று பெயர் போடப்பட்ட அம்மாமார், எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தடுக்கிறது பற்றி நிறைய ஆய்வு இருக்காமே, அதை வைத்து இங்கே என்ன செய்யலாம்?" அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை இப்போதே ஆபத்தில் இருப்பதாக உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு இல்லை, தமிழில் பேசலாம். பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கும் போகலாம். இங்கே எழுதியிருப்பதெல்லாம் அடுத்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

1. கையெழுத்துப் போடுகிறவரைக் கண்டுபிடியுங்கள்

ஆய்வை வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் செய்கிறார்கள், அதனால்தான் நல்ல அறிக்கைகள் அலமாரியில் கிடக்கின்றன. கொள்கை என்றால் நமக்குக் கொழும்பும் பாராளுமன்றமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு பிள்ளையின் நாளை மாற்றும் முடிவுகளில் பலவற்றை இந்த ஊருக்குள் இருக்கும் ஆட்களே எடுக்கிறார்கள்.

கொழும்பின் கையில் இருப்பவை: தண்டனைச் சட்டக்கோவை, 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, தேசிய அளவிலான சுற்றறிக்கைகள். மாகாணத்தின் கையில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, பெரும்பாலான பாடசாலைகள். கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் பார்க்கும் அதே அதிகாரியை நாம் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். 2017க்குப் பிறகு தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இல்லை என்பதால் கோப்புகள் செயலாளர்களிடமும் ஆளுநரிடமும் போகின்றன. "எங்கட உறுப்பினரிட்டச் சொல்லுவம்" என்ற பழைய குறுக்குவழி இப்போது இல்லை.

அடுத்தது மாவட்டம். அரச அதிபரின் தலைமையில் மாவட்ட சிறுவர் அபிவிருத்திக் குழு கூடுகிறது. அதற்குக் கீழே பதினொரு பிரதேச செயலகங்கள்: பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல், சேருவில, கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. இன்னும் கீழே பாடசாலை அதிபர், சுகாதார வைத்திய அதிகாரி, பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, மீனவர் சங்கம். இவர்களிடமும் பேனா இருக்கிறது.

உதாரணமாக, சிறு பிள்ளை நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி வதைபடாமல் அதன் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்று ஒருவர் உணர்ச்சியோடு எழுதியிருந்தார். அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் 1999ஆம் ஆண்டிலேயே 32ஆம் இலக்கமாக வந்துவிட்டது. அவர் கேட்டிருக்க வேண்டியது சட்டத்தை அல்ல. இங்கிருந்து மிகக் கிட்டே அந்த வசதி எங்கே இருக்கிறது, பிள்ளையை அங்கே கூட்டிப்போக யார் வாகனம் தருவார்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆள்.

2. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"திருகோணமலையில் சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தடுப்பது எப்படி" என்ற கேள்விக்கு எந்த ஆய்வும் பதில் சொல்லாது. துஷ்பிரயோகம் என்ற அந்த ஒரே சொல்லுக்குள் அடி, பாலியல் வன்முறை, மனதை நோகடித்தல், கவனிக்காமல் விடுதல் என்று நாலு வேறு விடயங்கள் கிடக்கின்றன. காரணங்கள் வேறு, செய்கிறவர்கள் வேறு, தடுக்கும் வழிகளும் வேறு. அதுவும் நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எல்லோருக்கும் பாலியல் வன்முறை ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். தும்புத்தடியால் அடித்துக் கை வீங்கிய பிள்ளையை யாரும் அந்தச் சொல்லால் சொல்வதில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தைக் கொண்டு போகிறேன்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டில் அடிப்பதை, ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள், இருக்கிற ஆட்களை வைத்து எப்படிக் குறைக்கலாம்? யார், எந்த வயது, என்ன நடக்கிறது, எங்கே, யாருடைய வளத்தால் என்ற ஐந்தும் கேள்விக்குள் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் கூட்டத்தில் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

3. எண்களை நம்புவதற்கு முன் அவை எதை எண்ணுகின்றன என்று பாருங்கள்

இது எனக்கு அடிபட்டு வந்த பாடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிவின் முறைப்பாடுகளை எடுத்துப் பார்த்தேன். முந்தின ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. "எமது பிரிவில் சிறுவர் துஷ்பிரயோகம் இரட்டிப்பாகியுள்ளது" என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அந்த விடயத்தைப் பார்க்கும் கிளார்க் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் சி.ஆர். கொப்பியைத் திறந்து காட்டினார். நீலமும் சிவப்புமாக வரி வரியாக எழுதியிருந்தது.

"தம்பி, இதில இருக்கிறது பிள்ளைகள் இல்ல, கடிதங்கள். ஒரு பிள்ளைக்குப் பொலிஸ் ஒரு கடிதம், ஆஸ்பத்திரி ஒரு கடிதம், பாடசாலை ஒரு கடிதம் அனுப்பினா எனக்கு மூணு நம்பர்."

அதோடு விடவில்லை. அந்த ஆண்டுதான் புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் பாடசாலை பாடசாலையாகப் போய் 1929 பற்றிப் பேசியிருந்தார் என்றும் சொன்னார். முறைப்பாடு கூடியதற்கு அதுவே போதுமான காரணம். நான் கொண்டுபோன எண் அந்த உத்தியோகத்தர் நன்றாக வேலை செய்ததைக் காட்டியது. நானோ அதைப் பிரிவின் தலையில் குற்றமாகப் போட்டிருந்தேன்.

முறைப்பாட்டுக்கும் உண்மைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒரு ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகம் முழுவதிலும் இருந்து 200க்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சேர்த்து 2011இல் வெளியிட்டது. சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றி ஆட்களிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் 1,000 பேருக்கு 127 பேர் "எனக்கு நடந்தது" என்று சொல்லியிருந்தார்கள். உத்தியோகத்தர்களும் நிபுணர்களும் கொடுத்த தகவலை வைத்த ஆய்வுகளில் அதே எண் 1,000க்கு 4. ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம். பதிவேட்டில் நாம் பார்ப்பது அந்தச் சின்ன எண்ணின் உறவுக்காரர்.

அதனால் ஒரு பிரிவில் முறைப்பாடு பூச்சியம் என்று இருந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. அங்கே பஸ் ஓடுகிறதா, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறாரா, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பதவி வெற்றிடமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சரி, எண்கள் எங்கே கிடைக்கும்? பொலிஸ் பணியகம், நன்னடத்தைத் திணைக்களம், அதிகார சபையின் மாவட்ட உத்தியோகத்தர், பெரியாஸ்பத்திரியின் சட்ட வைத்திய அதிகாரி, வலயக் கல்விப் பணிமனையின் இடைவிலகல் பட்டியல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. ஒவ்வொன்றும் வேறு வேறு எல்லைக்குள் எண்ணுகிறது. பொலிஸ் பிரிவின் எல்லையும் பிரதேச செயலக எல்லையும் கல்வி வலய எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இவற்றைக் கூட்டி மொத்தம் போடவே கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேட்டும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் போய்ச் சிரித்துப் பேசிக் கேளுங்கள். சட்டப்படி வாங்கிய எண்ணுக்கு விளக்கம் சொல்ல ஆள் வராது. கிளார்க் அக்கா சொன்ன மாதிரி விளக்கம்தான் எண்ணைவிடப் பெறுமதி.

கேட்பது எண்ணிக்கை மட்டுமே, பெயர் வேண்டாம். எண்ணிக்கை சின்னதாக இருந்தால் அதையும் அப்படியே வெளியிடாதீர்கள். ஒரு கிராம சேவகர் பிரிவில் "11 வயதுப் பெண் பிள்ளை, ஒரு சம்பவம்" என்று எழுதினால் அந்த ஊருக்கே பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்தால் "ஐந்துக்கும் குறைவு" என்று போட்டு, பல பிரிவுகளைச் சேர்த்துக் காட்டுவது என் வழக்கம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமும்கூட.

4. ஆய்வை வாசிக்கும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள்

ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் என்று பயப்பட வேண்டாம். யாரோடு யாரை ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், எந்த ஊரில் என்ற மூன்று இடங்களில் மட்டும் நின்று பார்த்தால் போதும்.

"எதை அளந்தார்கள்" என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறோம். பாடசாலைகளில் நல்ல தொடுகை, கெட்ட தொடுகை பற்றிச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் நமக்கு மிகவும் பிடித்தமானவை. ஒரு பனர், ஒரு வளவாளர், ஒரு தேநீர், முடிந்தது. இப்படியான நிகழ்ச்சிகளை ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று, அதாவது ஒரே விடயம் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை, 2015இல் வந்தது. 24 ஆய்வுகள், சுமார் 5,800 பிள்ளைகள். பிள்ளைகளின் அறிவும் தம்மைக் காக்கும் திறனும் கூடியிருந்தன. ஆனால் துஷ்பிரயோகம் உண்மையில் குறைந்ததா என்பதற்கு அந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளை வாய் திறந்து சொல்ல அது உதவலாம். ஆனால் "தடுப்பு" என்ற தலைப்பின் கீழ் அதை மட்டும் எழுதி வருடத்தை முடித்தால், காக்கும் பொறுப்பைப் பெரியவர்களிடமிருந்து எடுத்துப் பிள்ளையின் தோளில் வைத்துவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி நம் உதாரணத்துக்கு வருவோம். சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் வன்முறையைக் குறைப்பதில் பெயர்போன ஆய்வு ஒன்று அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் எல்மைரா என்ற சிறு நகரத்தில் நடந்தது. 1970களின் கடைசியில், முதல் பிள்ளையைச் சுமந்த பெண்களின் வீடுகளுக்குத் தாதியர் போனார்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வரை போனார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தாதியர் போன குடும்பங்களில் துஷ்பிரயோகம், புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் மற்றக் குழுவைவிடப் பாதியளவுக்குக் கிட்டக் குறைந்திருந்தன.

இதை வாசித்தவுடன் "நாங்களும் தாதியரை அனுப்புவோம்" என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இதே திட்டத்தை இங்கிலாந்தில் செய்து பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் முதன்மையாக அளந்தவற்றில் மேலதிக நன்மை தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் இலவசச் சுகாதார சேவையும் வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியரும் ஏற்கெனவே இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் நிலைமை எதற்குக் கிட்ட? நம் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மிட்வைவ், காலாகாலமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஆக, நம் கேள்வி இன்னொரு ஆளை அனுப்புவதா என்பதாக இருக்க முடியாது. போகிறவர் அங்கே என்ன பார்க்கிறார், பார்த்ததை யாரிடம் சொல்லலாம் என்பதே கேள்வி.

எல்மைராக் குடும்பங்களை வைத்தே 2000ஆம் ஆண்டில் இன்னொரு கட்டுரை வந்தது. வீட்டில் பெண்ணுக்கு வன்முறை கூடக்கூட, தாதி போனதன் பயன் குறைந்துகொண்டே போய், மிக அதிகமாக இருந்த வீடுகளில் இல்லாமலே போயிருந்தது. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் எல்மைராவில் நின்றேன். தாய் அடிவாங்கும் வீட்டில் "பிள்ளையை அடிக்காதீர்கள் அம்மா" என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. இலங்கையில் 2019இல் நடந்த பெண்கள் நலன் பற்றிய தேசிய ஆய்வின்படி, துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்த பெண்கள் ஐந்தில் ஒருவர்.

நம் மண்ணுக்குக் கிட்டே வந்தால், வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. யுத்த அனுபவம், சுனாமி, வீட்டு வன்முறை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது. வீட்டில் பிள்ளைக்கு நடக்கும் வன்முறை, தகப்பனின் குடியோடும் யுத்த அனுபவங்களோடும் சேர்ந்து வந்தது. மூதூரிலோ சம்பூரிலோ இடம்பெயர்ந்து திரும்பிய யாரிடமும் இதைச் சொன்னால் "இதுக்கு ஆய்வு வேணுமோ" என்று கேட்பார்கள். வேண்டும். ஊருக்குத் தெரிந்ததைக் கோப்புக்குத் தெரியவைக்க அது வேண்டும்.

ஊருக்குத் தெரிந்ததாக நினைப்பது பிழையாகப் போன சந்தர்ப்பமும் உண்டு. தாய் வெளிநாடு போனால் பிள்ளை கெட்டுவிடும் என்பது நம் ஊர்களில் வேதவாக்கு. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தேவை குறையவில்லை. பலர் முகவர்களைப் பிடித்துக் குறுக்கு வழியில் போனார்கள், பாதுகாப்பு இன்னும் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. 2022இல் விதி தளர்த்தப்பட்டது. தடை போடுவதற்கு முன், தடை விழுந்தால் அந்தத் தாய் அடுத்த நாள் காலையில் என்ன செய்வாள் என்று யாராவது அவளிடமே கேட்டிருக்கலாம்.

அதேபோல் பாடசாலைப் பிரம்பு. 2005ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் உடல் தண்டனை கூடாது என்றன. 2017இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், முந்தின தவணைக்குள் ஏதோ ஒரு வகையில் உடல் தண்டனை பெற்றதாகப் பத்தில் எட்டு மாணவர்கள் சொன்னார்கள். சுற்றறிக்கை கோப்பில் இருந்தது, பிரம்பு மேசையில் இருந்தது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட இன்ஸ்பயர் தொகுப்பைப் பாருங்கள். சட்டத்தை நடைமுறைப்படுத்தல், சமூக வழமைகள், பாதுகாப்பான சூழல், பெற்றோருக்கு ஆதரவு, குடும்ப வருமானம், பாதிக்கப்பட்டோருக்கான சேவை, கல்வியும் வாழ்க்கைத் திறனும் என்று ஏழு வழிகள். ஏழையும் செய்யப் புறப்படாதீர்கள். அது கடையில் தொங்கும் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி, உங்கள் பசிக்கும் காசுக்கும் ஏற்றதை எடுக்க வேண்டும்.

5. பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தப் போகாதீர்கள்

ஆர்வத்தில் பலர் செய்யும் வேலை இது. ஒரு கேள்விக்கொத்து அடித்து வகுப்பறைக்குள் போய் "உங்களை யாராவது..." என்று கேட்பது. ஒரு பிள்ளை "ஓம்" என்று எழுதிவிட்டால் அன்று மாலை அந்தப் பிள்ளையோடு யார் இருக்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் இல்லாவிட்டால் கேட்க உரிமையும் இல்லை. அந்த வேலையைப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும்.

நீங்கள் பெரியவர்களிடம் கேட்கலாம். அதுவும் "உங்கள் வீட்டில்" என்று கேட்காமல், சேவைகளைப் பற்றிக் கேளுங்கள். மிட்வைவிடம்: சந்தேகமான வீடு ஒன்றைப் பார்த்தால் யாருக்குச் சொல்வீர்கள், சொன்னால் என்ன நடக்கிறது? முன்பள்ளி ஆசிரியையிடம்: கன்றிய கையோடு பிள்ளை வந்தால்? தாய்மாரிடம்: ஏன் பிரதேச செயலகத்துக்குப் போவதில்லை? பதில்கள் எளிமையாக இருக்கும். "போனா ஊருக்குத் தெரியும்." "நான் போய்ச் சொல்லி, அவர் என்னை விட்டுட்டுப் போனா, பிறகு எப்படி வாழுறது?" "அந்தப் பிள்ளை உத்தியோகத்தர் நல்லவதான், ஆனா சந்திக்கத் திங்கட்கிழமை மட்டும்தான், எனக்குத் திங்கள் கூலி." இந்தப் பதில்களைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

6. ஊருக்கு ஏற்றபடி வெட்டித் தையுங்கள்

வெளியூர் ஆய்வு நமக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை. எங்கே இறுக்குகிறது என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

தகப்பன்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் நடைமுறையில் தாய்மாருக்கான நிகழ்ச்சிகளே. தகப்பன்மார் வருவதில்லை என்று எல்லா அறிக்கையும் குறைப்படும். குச்சவெளி, இறக்கக்கண்டி, மூதூர்ப் பக்கம் கரைவலையும் படகுமாக இருக்கிறவர்கள் நல்ல கடல் மாதங்களில் காலை பத்து மணிக்கு எப்படி வருவார்கள்? வடகீழ்ப் பருவக்காற்று அடித்துக் கடல் மூடும் கார்த்திகை, மார்கழியில் அவர்கள் கரையில்தான் இருப்பார்கள். வருமானமும் இருக்காது, குடி கூடும், வீட்டில் சண்டையும் கூடும். ஆபத்தும் அந்த மாதங்களில்தான், ஆட்கள் கிடைப்பதும் அந்த மாதங்களில்தான். ஆனால் நம் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், காசை முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடித்திரியும் நேரமும் அதுவே. தகப்பன்மாருக்கான திட்டம் என்றால் மழைக்காலத்தை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அதே மாதங்களில் விதைப்பு, அங்கே வேறு கணக்கு. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் வைக்காதீர்கள்.

மொழியும் அப்படித்தான். மாவட்டத்தில் தமிழ் பேசும் பிரிவும் சிங்களம் பேசும் பிரிவும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழில் மட்டும் தயாரித்த திட்டம் மாவட்டக் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முதலிலேயே பிடித்து வையுங்கள்.

7. ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம். அரச அதிபரின் மேசையில் இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. அந்தப் பக்கத்தில் கேட்பது என்ன என்பது முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். நாம் வழக்கமாக எழுதுவது இப்படி:

"எமது பிரதேசத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் பாரிய பிரச்சினையாக உருவெடுத்துள்ளதால் சம்பந்தப்பட்ட தரப்பினர் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் சம்பந்தப்பட்ட தரப்பினர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்றே நினைப்பார். நம் உதாரணத்தை வைத்து இப்படி மாற்றலாம்:

"எமது பிரிவின் தாய் சேய் கிளினிக் நடக்கும் நாட்களில், ஜனவரி முதல், பிரதேச செயலகத்தின் உளசமூக உத்தியோகத்தர் காலை 9 முதல் 12 வரை அங்கே இருக்க அனுமதி வேண்டும். தேவையானவை: மாதத்துக்கு இரண்டு நாள் வாகனம், கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறை, சுகாதார வைத்திய அதிகாரியின் சம்மதம். காரணம்: தாய் வன்முறைக்குள்ளாகும் வீடுகளில் பெற்றோருக்கான அறிவுரை மட்டும் பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எமது தாய்மார் பிரதேச செயலகத்துக்கு வரத் தயங்குகிறார்கள். கிளினிக்குக்குத் தயங்காமல் வருகிறார்கள்."

மூன்றாவது வாக்கியத்தில்தான் ஆய்வு வருகிறது, அதுவும் ஒரு வரி. எல்மைராவும் லைடனும் பின்னிணைப்பில் இருக்கட்டும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். கேட்காவிட்டால் பையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாசித்ததைக் காட்டும் இடம் இது இல்லை. ஆனால் கேள்வி வந்தால் தடுமாறாமல் பதில் சொல்ல நீங்கள் வாசித்திருக்க வேண்டும். ஆய்வு சொல்லாததையும் நேர்மையாகச் சொல்லுங்கள்: "கிளினிக்கில் உத்தியோகத்தர் இருந்தால் அடி குறையும் என்று நேரடியாகக் காட்டிய ஆய்வு இதுவல்ல சேர், அதனால்தான் ஆறு மாதம் செய்து பார்க்கக் கேட்கிறோம்." இப்படிச் சொன்ன நாட்களில் எனக்கு நம்பிக்கை கூடத்தான் கிடைத்திருக்கிறது.

8. கூட்டத்துக்கு முன்பே கூட்டத்தை முடியுங்கள்

மாவட்டக் கூட்டத்தில் திடீரென்று எழுந்து புதுயோசனை சொன்னால் "நல்ல கருத்து, கவனத்தில் எடுப்போம்" என்று குறிப்பில் எழுதி மூடிவிடுவார்கள். ஒரு கிழமைக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரியைத் தனியாகப் பாருங்கள், அவர் அறைதான் வேண்டும். உளசமூக உத்தியோகத்தரையும் பாருங்கள், வேலை கூடப்போவது அவருக்கு. மிட்வைவ்மாரைக் கட்டாயம் பாருங்கள். ஏற்கெனவே பதிவேடுகள் சுமக்கும் அவர்களுக்கு இன்னொரு படிவம் கொடுத்தால் திட்டம் அங்கேயே செத்துவிடும். யாருக்கு என்ன பயம் என்று கேட்டு, பக்கத்தைத் திருத்தி, பிறகு கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த ஆண்டுக்குக் காசு வேண்டுமானால் இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரிக்கை உள்ளே இருக்க வேண்டும். நவம்பரில் போனால் அனுதாபம் மட்டும் கிடைக்கும்.

9. ஆறு மாதம் செய்து பாருங்கள்

தொடங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்: எதை எண்ணப் போகிறோம், எது நடந்தால் தொடர்வோம், எது நடந்தால் நிறுத்துவோம். எத்தனை தாய்மார் அந்த அறைக்குள் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை பேரை எங்கே அனுப்பினோம், அனுப்பிய இடத்தில் ஏற்றுக்கொண்டார்களா. முடிந்தால் பக்கத்துப் பிரிவு ஒன்றின் இதே எண்களையும் பாருங்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் "வெற்றி" என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கையை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்: திட்டம் வேலை செய்தால் முதலில் முறைப்பாடுகள் கூடும். பேசாதவர்கள் பேசத் தொடங்குவார்கள். அந்த எண்ணைப் பார்த்து மேலிடம் பதறித் திட்டத்தை நிறுத்தாமல் இருக்க, "முதல் ஆறு மாதத்தில் பதிவுகள் அதிகரிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்ற வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

கூட்டம் முடிந்து இரண்டு கிழமையில் அந்தக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் விடயத்துக்கு எதிரே பொறுப்பானவர் என்ற கட்டத்தில் ஒரு பதவிப் பெயரும், திகதி என்ற கட்டத்தில் ஒரு திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். "அனைவரும்", "தொடர்ந்து" என்று எழுதியிருந்தால் குறிப்பு உறுதிப்படுத்தப்படும் அடுத்த கூட்டத்திலேயே திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.